ஒயில் மாற்றுகிற வெள்ளிக்கிழமை

அந்தக் கார் ஏத்தாளைக் கிராமத்துக்கு வந்த நாளில் நெய்னாருக்கு அதில் ஏறத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறுகிற மாதிரி வலது காலை முதலில் வைத்தார். தலை கூரையில் இடித்தது. பிறகு குனிந்து தலையை நுழைத்தார். கால் இரண்டும் வெளியே நின்றுவிட்டன. அவருடைய ஒரே மகன் முபாறக் சிரிப்பை அடக்க முடியாமல், "வாப்பா, முதல்ல சீற்றுல இருங்க. பிறகு காலை உள்ளுக்கு எடுங்க" என்றான். வாசலில் நின்ற அவர் மனைவி றம்ஸியா, "இது என்ன வாகனம், ஏறி இருக்கிறதா படுக்கிறதா?" என்று கேட்டாள்.

சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. நிலத்தோடு ஒட்டின மாதிரி ஒரு உடம்பு. ஜப்பானில் யாரோ ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி முபாறக்கின் கைக்கு வந்திருந்தது. அப்போது அவன் கொழும்பில் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். தனக்கென்று ஆசைப்பட்டு அவன் வாங்கிய முதல் பொருள் அது. மாதத்தில் ஒரு தடவை அதில் ஊருக்கு வருவான். பிரதான வீதியிலிருந்து வீட்டுக்கு வருகிற மணல் ஒழுங்கையில் காரின் அடி உரசக்கூடாது என்று, முதல் நாளே நெய்னார் மண்வெட்டியோடு போய் மேடுகளைச் சமப்படுத்தி வைப்பார். ஒயில் மாற்றுவதும் சில்லுக் கழுவுவதும் முபாறக் தானேதான். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலொன்று போட்டு, அதற்குள் காரை நிறுத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க அதற்கடியில் படுத்துக் கிடப்பான். றம்ஸியா கொட்டில் வாசலில் பிளேன்டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, அவனுடைய கால்களோடு கதைத்துவிட்டு வருவாள்.

நெய்னார் பாலாவிப் பக்கத்து உப்பளமொன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கி, மோட்டார் சைக்கிளில் போய் முடித்தார். கார் ஓட்டியதில்லை, ஓட்ட ஆசைப்பட்டதுமில்லை.

நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் முபாறக்குக்கு அவுஸ்திரேலியா போக வழி கிடைத்தது. மனைவி அமானியோடு மெல்பனுக்குப் போனான். போகிறதுக்கு முன்பு கொட்டிலுக்குள் நாலு சில்லுக்கும் கீழே தடித்த பலகை வைத்துக் காரை நிறுத்தினான். இல்லாவிட்டால் மணல் விழுங்கிவிடும்.

"ரெண்டு வருஷம் வாப்பா. வந்து எடுத்துக்கிறன். விக்க மனம் வருதில்ல" என்றான். கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒயில் மாற்ற வேண்டும். ஓடாமல் நின்றாலும் ஒயில் பழுதாகும் என்று சொல்லிக் கொடுத்தான். நெய்னார் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார்.

அடுத்த வருடம் றம்ஸியா மௌத்தாகிவிட்டாள். காய்ச்சல் என்றுதான் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். முபாறக்கால் வர முடியவில்லை. வந்தாலும் பிந்தியிருக்கும். பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஹிஸ்புல்லா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, முபாறக் அந்தச் சின்னத் திரையில்தான் உம்மாவின் ஜனாஸாத் தொழுகையைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வாப்பாவுக்கும் மகனுக்கும் கதை வற்றிப்போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து நெய்னார் வீட்டுக்கு வந்ததும் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா வாப்பா?"

"ஓம்."

"பிரஷர் மருந்து போடுறீங்களா?"

"ஓம் மகன்."

பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். வாயைத் திறந்தால் றம்ஸியாவின் பெயர் வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். "சரி வாப்பா, வைக்கிறன்" என்பான். நெய்னார் தொப்பியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, காலையில் ஆக்கிய சோற்றைப் போட்டுக்கொண்டு தனியே இருந்து சாப்பிடுவார். சோளகக் காற்று காலத்தில் மணல் ஜன்னல் இடுக்கால் வந்து சோற்றில் விழும். எழும்பி ஜன்னலைச் சாத்தச் சொல்ல ஆளில்லை. அவரே எழும்பிச் சாத்துவார்.

காருக்கு ஒயில் மாற்றுகிற நாள் வந்தது. கற்பிட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், காரின் அடியில் இருக்கிற கறுப்புத் தட்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பியதும் முபாறக் பதறிப்போனான்.

"வேற ஆக்கள் கை வைக்க வேணாம் வாப்பா. அடுத்த முறை நான் சொல்லித் தாறன், நீங்களே செய்யலாம்."

"நானா?"

"மோட்டார் சைக்கிளுக்கு மாத்தி இரிக்கிறீங்கதானே. அதேதான், கொஞ்சம் பெரிசு."

அப்படித்தான், ஆறு மாதம் கழித்து, அந்த முதல் வெள்ளிக்கிழமை வந்தது. நெய்னார் பழைய சாரனொன்றை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை ஒரு பெயின்ட் வாளியில் சாய்த்து வைத்தார். மெல்பனில் முபாறக் தன் வீட்டுச் சமையலறைக் கதிரையில் இருந்தான். முதலில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடச் சொன்னான். சூடானால்தான் ஒயில் இளகி வடியும்; நன்றாகக் கொதித்தால் கை சுடும். பிறகு காரைத் தூக்குகிற ஜக்குக்குக் கீழே இன்னொரு பலகை வைக்கச் சொன்னான். ஜக் மணலில் புதையாமல் ஏறியது. இரும்புத் தாங்கி இரண்டையும் சரியான இடத்தில் கொடுக்கும்வரை, "உள்ளுக்குப் போகாதீங்க வாப்பா, இன்னும் போகாதீங்க" என்று கத்திக்கொண்டேயிருந்தான். கொடுத்த பிறகும் காரை அசைத்துப் பார்க்கச் சொன்னான்.

நெய்னார் பாயொன்றை விரித்து மல்லாந்து படுத்துக் காருக்கடியில் போனார். கறுப்புத் தட்டைக் கழற்றினார். நெற்றிக்கு நேரே ஒயில் தொட்டி தெரிந்தது.

"நட்டு தெரியுதா?"

"தெரியுது. எந்தப் பக்கம் திருப்ப?"

"இடப் பக்கம். தலைய மத்தப் பக்கம் வைங்க, மூஞ்சில ஊத்திரும்."

ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அசையவில்லை. மூச்சை அடக்கி இன்னொரு தடவை இழுத்ததும் விட்டுக்கொடுத்தது. கடைசிச் சுற்றை விரலால் திருப்பும்போது, நட்டும் சூட்டு ஒயிலும் ஒன்றாகக் கையில் விழுந்தன. "அல்லாஹ்!" என்று கையை இழுத்தார். மெல்பனில் முபாறக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான்.

"சுட்டுட்டா வாப்பா? எங்க காட்டுங்க!"

"இல்ல, இல்ல. சும்மா."

கறுத்த ஒயில் கயிறு மாதிரி, கீழே வைத்திருந்த இன்னொரு வாளிக்குள் இறங்கியது. பிறகு நூலானது. பிறகு சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.

"இப்ப ஒண்டும் செய்யாதீங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும். அவசரமில்ல" என்றான் முபாறக்.

நெய்னார் வெளியே வந்து மணலில் இருந்தார். இரண்டு பேருக்கும் செய்ய வேலையில்லை. போனை வைக்கவும் முடியாது. சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது முபாறக் தானாகவே கதைக்கத் தொடங்கினான். மெல்பனில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காது விறைத்துப்போவதைச் சொன்னான். வேலைத்தலத்தில் யாருக்கும் தன் பெயர் வாயில் வராததால் எல்லோரும் 'மூபி' என்று கூப்பிடுகிறார்களாம். அமானி தேங்காய்ப்பால் டின் வாங்கி மீன் ஆணம் காய்ச்சி, அது பழுதாகி, அழுதாளாம். நெய்னார் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள் என்று அவருக்கே தெரியவில்லை. ஒயில் சொட்டு நின்ற பிறகும் முபாறக் கதைத்தான். வேலி மேலால் எட்டிப் பார்த்த ஹிஸ்புல்லா, "ஆரோட கதை?" என்று கேட்டார். "மகனோட" என்று சத்தமாகச் சொன்னார் நெய்னார்.

பிறகு புது வாஷரோடு நட்டைப் பூட்டி, புது பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஒயில் தடவி, அதைக் கையாலேயே இறுக்கி, புது ஒயிலை மேலே ஊற்றினார். கம்பியை இழுத்து அளவைக் காட்டச் சொன்னான் மகன். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும் வாப்பா, சுப்பர்." அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் போனை வைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பழையபடி வந்தது. சாப்பிட்டீங்களா. ஓம். மருந்து. ஓம். அவ்வளவுதான். அடுத்த ஒயில் மாற்றத்துக்கு இன்னும் ஆறு மாதம் கிடந்தது.

நெய்னார் பொறுத்திருந்தார். ஆறு மாதம் கழித்து இரண்டாம் தடவையும் ஒயில் மாற்றினார்கள். அன்றைக்கும் அதே மாதிரி நேரம் போனது தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் முன்பைவிட மோசமாக இருந்தன. ஒரு தடவை போன் வரவேயில்லை. மறந்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் வந்தது. அன்று பின்னேரம் நெய்னார் கொட்டிலுக்குப் போய், காரின் கதவைத் திறந்து, சரியாகச் சீற்றில் இருந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அதற்கடுத்த வெள்ளி, மருந்து கேட்டு முடிந்ததும், முபாறக் 'வைக்கிறன்' என்று சொல்லப் போகும்போது, நெய்னாரின் வாயிலிருந்து தானாக வந்தது:

"மகன், கார்ல ஒயில் லீக் ஒண்டு மாதிரி."

"லீக்கா? எங்க? காட்டுங்க பாப்பம்."

"இப்ப கீழ போக ஏலாது. முழங்கால் நோகுது. வாற கிழமை காட்டுறன்."

அந்தக் கிழமை அவர் ஒரு கடதாசி மட்டையை எடுத்து, வாளியில் கிடந்த பழைய ஒயிலில் ஈர்க்கை நனைத்து, மூன்று சொட்டு விட்டு, காருக்கடியில் வைத்தார். வைத்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குத் தொழுகையில் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தார்.

முபாறக் மட்டையைப் பார்த்து யோசித்தான். வாஷர் சரியில்லை என்றான். ஒயிலை இறக்கி, வாஷரை மாற்றி, மறுபடி ஊற்றினார்கள். ஒயில் வடிந்துகொண்டிருந்தபோது, அமானியின் வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பதை முபாறக் சொன்னான். நெய்னார் ஒயில் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பக்கக் கன்னம் கறுத்துப்போனது. அதைப் பார்த்து மகன் சிரித்தான், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நெய்னாரால் நிறுத்த முடியவில்லை. இன்னொரு கிழமை மட்டையில் ஐந்து சொட்டு இருந்தது. வேறொரு கிழமை ஸ்டார்ட் பண்ணும்போது ஏதோ சத்தம் கேட்டது. முபாறக் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தான், வீடியோக்கள் அனுப்பினான், அவர் டோர்ச் பிடித்துக் காட்டும் இடங்களையெல்லாம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் கவலை ஏறுவதை நெய்னார் கண்டார். கண்டும் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முபாறக் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"வாப்பா, நானும் அமானியும் கதைச்சம். இந்த வயசுல உங்கள கார்க்குக் கீழ படுக்க வைக்கிறது பிழை. ஏதும் நடந்தா பக்கத்துல ஆருமில்ல. கார விப்பம்."

நெய்னார் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "எனக்கு ஒரு கஷ்டமுமில்ல மகன். சும்மாதானே இரிக்கிறன்."

"சிலாபத்துல கெவின் எண்டு ஒரு ஆள், இந்த மாதிரிக் கார்ல பைத்தியம். லீக் இருக்குதெண்டு சொல்லித்தான் விலை கதைச்சன். நாளைக்கு மத்த நாள் வருவான்."

கெவின் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினான். முப்பது வயதிருக்கும். மரியாதையான பிள்ளை. "அங்கிள், சுகமா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, காரை ஜக்கில் உயர்த்தித் தாங்கி கொடுத்து, அடியில் ஊர்ந்து போனான். துணியால் எல்லா இடத்தையும் துடைத்து, தான் கொண்டுவந்த வெள்ளை மட்டையொன்றைக் கீழே விரித்து, என்ஜினை ஓட விட்டான். நெய்னார் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கெவின் அதைக் குடித்து முடித்து, மறுபடி கீழே போய், மட்டையை இழுத்தெடுத்துக்கொண்டு வந்தான். அது சுத்தமாக இருந்தது.

முபாறக் போனில் இருந்தான். கெவின் போனைப் பார்த்துச் சொன்னான்: "மச்சான், லீக் ஒண்டையும் காணல்லையே. ஆனா நீங்க சொன்ன மாதிரி சும்மா நிக்கக்குள்ள மெதுவா வடியும்போல. அது என்ஜின இறக்கித்தான் பாக்கணும், பெரிய வேலை. அப்ப அந்தக் குறைச்ச விலைக்கே எடுக்கிறன்."

முபாறக், "சரி, என்ன செய்யிற" என்றான்.

நெய்னார் கொட்டிலின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் மகன் ஆசையாக வாங்கிய பொருள், தான் சொன்ன பொய்யால் பழுதுக் கணக்கில் போகிறது.

"இல்ல தம்பி" என்றார். "லீக் இல்ல. ஒருநாளும் இருக்கல்ல. நான்தான் மட்டைல ஒயில் விட்டன்."

கெவின் அவரைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். போனை மெதுவாக அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒழுங்கையில் காரை எடுக்க இடம் பார்க்கிற மாதிரி வெளியே போனான்.

முபாறக் திரைக்குக் கிட்ட வந்தான்.

"ஏன் வாப்பா?"

"ஒயில் வடியக்குள்ள நீ நல்லாக் கதைக்கிற மகன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நெய்னார் திரையைப் பார்த்தார். முபாறக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"நானும் பொய்தானே வாப்பா சொன்னன்" என்றான் கடைசியில். "ரெண்டு வருஷத்துல வாறன் எண்டு. இப்போதைக்கு வர ஏலாது. சொல்லப் பயமா இருந்த."

"தெரியும்" என்றார் நெய்னார். அவருக்கு உண்மையாகவே தெரிந்துதான் இருந்தது.

முபாறக் கெவினைக் கூப்பிடச் சொன்னான். பழுதில்லாத காருக்குரிய விலையைக் கேட்டான். கெவின் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து வந்து காரை எடுத்தான். நெய்னார் ஒழுங்கையில் முன்னால் நடந்து போய், காற்றில் விழுந்து கிடந்த தென்னோலைகளை இழுத்து ஓரத்தில் போட்டார். கார் பிரதான வீதியில் ஏறி, ஒரு தடவை உறுமி, புத்தளம் பக்கம் போனது. அவர் திரும்பி வந்தபோது கொட்டிலுக்குள் நாலு பலகைகளும், நடுவே நிறம் மாறிய மணலும் இருந்தன. பலகைகளை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பின்னேரம் வேறு வேலையில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முபாறக் எடுத்தான். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. கார் போன விதத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். பிறகு அதுவும் முடிந்தது. அதற்கடுத்த வெள்ளி அவன் எடுக்கவில்லை. நெய்னார் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசலில் இருந்தார். இத்தனை வருடத்தில் தான் ஒரு தடவைகூட மகனுக்கு எடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எப்போதும் அவன்தான் எடுப்பான், இவர் காத்திருப்பார். விரலால் தேடி அவன் பெயரை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் ஹிஸ்புல்லா வந்து, மழை வரும்போலிருக்கிறது, வெங்காயத்தைக் கொட்டிலுக்குள் பரப்பலாமா என்று கேட்டார். "போடுங்க" என்றார் நெய்னார். வெங்காயம் வந்து நிறைந்தது. இரண்டு நாளைக்கொரு தடவை ஹிஸ்புல்லாவின் வீட்டார் வந்து புரட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு நெய்னாரும் கொஞ்சம் புரட்டுவார்.

அப்படிப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை போன் அடித்தது. முபாறக் ரயிலில் இருந்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறானாம். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"வாப்பா, உம்மா கடைசியா என்ன சொன்னா?"

நெய்னார் வெங்காயச் சருகைக் கையிலிருந்து தட்டிவிட்டு மணலில் இருந்தார்.

"ஒண்டும் பெரிசாச் சொல்லல்ல மகன். ஆசுபத்திரிச் சோறு சரியில்ல எண்டா. உனக்குச் சொல்ல வேணாம், பயந்திருவாய் எண்டா. பிறகு வீட்டுப் பின் கதவு பூட்டினதா எண்டு கேட்டா. பூட்டின எண்டன். அதுக்குப் பிறகு நித்திரை."

"பூட்டி இருந்ததா?"

"இல்ல. வந்து பாக்கக்குள்ள திறந்துதான் கிடந்த."

முபாறக்கிடமிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்து, பாதியில் உடைந்தது. ரயிலில் பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் அழுது முடியட்டும் என்று நெய்னார் காத்திருந்தார். ரயில் ஏதோ சுரங்கத்துக்குள் போனதோ என்னவோ, திரை அப்படியே நின்று, பிறகு அறுந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். போன் வரவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. எழும்பி, வாசல் பக்கம் கிடந்த வெங்காயத்தைச் சாரல் படாமல் காலால் உள்ளே ஒதுக்கினார். பிறகு தானே மகனுக்கு எடுத்தார்.